யாருக்கும் அஞ்சாதவர் கையில்

மணி ஆறு இருபத்தெட்டு. வேங்கடத்தின் விரலிடுக்கில் மூன்றாவது சிகரெட் எரிந்துகொண்டிருந்தது, ஒரு இழுப்புகூட இழுக்கப்படாமல். இழுக்கக் கூடாது என்று உத்தரவு. இழுத்தால் சாம்பல் கோணும், உதட்டு ஈரம் தாளில் படும், அதெல்லாம் கேமராக் கண்ணுக்குத் தெரியுமாம். சாம்பல் கால் அங்குலம் நிற்க வேண்டும். அதற்கு மேல் வளர்ந்தால் சோம்பேறி பிடிக்கிற சிகரெட் மாதிரி இருக்கும், குறைந்தால் அப்போதுதான் பற்றவைத்த அவசரக்காரன் மாதிரி இருக்கும். ஆகவே மூன்று நிமிஷத்துக்கு ஒரு தடவை ஹம்சா என்ற மலாய்க்காரர் இருட்டிலிருந்து வந்து பழையதை வாங்கிக்கொண்டு புதியதைக் கொடுத்துவிட்டுப் போனார், கோயிலில் திரி மாற்றுகிறவரின் சிரத்தையோடு. தலைக்கு மேலே ஐந்து விளக்கு. ஒவ்வொன்றும் ஒரு அடுப்பு. மேலே கம்பெனி கொடுத்த கோட்டு, டை, தலையில் அரை டப்பா கிரீம். மேசைக்குக் கீழே அவனுடைய சொந்தத் தொளதொள காற்சட்டையும் ரப்பர் செருப்பும். கேமரா இடுப்புக்குக் கீழே இறங்காது என்று விளம்பரக் கம்பெனி லிம் சத்தியம் செய்திருந்தான். இடுப்புக்குக் கீழே இருந்த வேங்கடம்தான் நிஜ வேங்கடம் என்று அவனுக்கே தோன்றியது. கீழே இருப்பவன் செருப்பைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தான். மேலே இருப்பவன் சிரித்தாக வேண்டும். ஆறே முக்கால் மணிக்கு, ஆடல் பாடல் நிகழ்ச்சியின் நடுவில், பதினைந்தே விநாடி. முதலில் சிகரெட் பெட்டி, பின்னணியில் இசை; அப்புறம் அவன் முகம்; சிகரெட் பிடித்த வலது கை மோவாய் உயரத்துக்கு எழும்ப வேண்டும்; ஒரே ஒரு வாக்கியம். யாருக்கும் அஞ்சாதவர் கையில், சில்வர் ஹார்பர். அவனே எழுதிய வாக்கியம். நேரடி ஒளிபரப்பு, தப்பினால் திருத்த வழியில்லை. சீனத்துக்கும் மலாய்க்கும் ஹாங்காங்கில் படம் எடுத்து பிலிம் டப்பாவில் வந்திருந்தது; தமிழுக்கு அவ்வளவு செலவு கட்டாது என்பதால் டப்பாவுக்குப் பதில் வேங்கடம். இதெல்லாம் பரவாயில்லை. பேசிவிடலாம். பேசுவதற்கு அவன் என்றைக்குப் பயந்தான்? ஆனால் தஞ்சோங் பகார் சமூக மன்றத்தில், ஊருக்கே பொதுவான அந்த ஒற்றை டெலிவிஷன் பெட்டிக்கு முன்னால், முதல் வரிசையில், சலவைச் சட்டை போட்டுக்கொண்டு அவனுடைய அண்ணன் உட்கார்ந்திருப்பார். அண்ணனுக்கு எதிரில் அவன் இன்றுவரை சிகரெட்டைத் தொட்டதில்லை. சிகரெட் என்ற சொல்லைக்கூட உச்சரித்ததில்லை. முப்பத்து நாலு வயசு, இரண்டு பிள்ளைக்குத் தகப்பன்.

அந்த வாக்கியம் வந்த வழி நினைவுக்கு வந்தது, வேண்டாம் வேண்டாம் என்றாலும் வந்தது. விளம்பரக் கம்பெனியில் லிம் ஒரு தாளை நீட்டி, இதைத் தமிழில் சொல் என்றான். எவனுக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத மனிதனின் சிகரெட் என்ற அர்த்தத்தில் ஆங்கிலத்தில் இருந்தது. அரிசிக் கிடங்கில் மூட்டைக் கணக்கு எழுதுகிறவனுக்கு அது எத்தனை பெரிய வேலை! ராத்திரியும் பகலும் அதையே மென்றான். யாருக்கும் பதில் சொல்லாதவனின் சிகரெட் என்று முதலில் எழுதினான். படித்துப் பார்த்தால், கூப்பிட்டால் ஏனென்று கேட்காத திமிர் பிடித்தவன் ஒருவன்தான் கண்முன்னால் வந்து நின்றான். யாருக்கும் கட்டுப்படாதவனின் சிகரெட். அது கஞ்சா குடிக்கிறவனுக்குப் பொருந்தும். தனக்குத்தானே ராஜா. அது சாராயக் கடை நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவன். கோப்பிக்கடையில் நாலு பேரிடம் சொல்லிப் பார்த்தான், நாலு பேரும் சிரித்தார்கள். பன்னிரண்டாம் நாள் பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போது, யாருக்கும் அஞ்சாதவர் என்று தானாக வந்து விழுந்தது. விழுந்த வேகத்தில் உடம்பு சிலிர்த்தது. பக்கத்தில் நின்ற சீனக் கிழவியிடம் சொல்லலாமா என்றுகூட இருந்தது. அன்றைக்கு அவனுக்கு அண்ணன் ஞாபகமே வரவில்லை. அதை இப்போது நினைத்தால்தான் ஆச்சரியமாக இருந்தது. யாருக்கும் அஞ்சாதவர் என்று எழுதின கைக்கு, அந்த எழுத்தை வீட்டுக்குக் கொண்டுபோகும்போது சட்டைப்பையின் அடியில், ஏலக்காய்ப் பொட்டலத்துக்குக் கீழே ஒளிக்க மட்டும் தெரிந்திருந்தது.

முதலில் ரேடியோ விளம்பரத்தில் பேசியபோது தொந்தரவில்லை. குரலைக் கொஞ்சம் தடிமனாக்கிக்கொண்டு பேசினான். கோப்பி குடித்துக்கொண்டிருந்த அண்ணன் நிமிர்ந்து பார்த்து, "இது உன் தொண்டை மாதிரி இருக்கேடா" என்றார். "ஒரே மாதிரி குரல் எத்தனையோ பேருக்கு இருக்குண்ணே" என்று சொல்லிவிட்டுத் தப்பினான். குரலை மறுக்கலாம். முகத்தை எப்படி மறுப்பது? டெலிவிஷன் வந்து இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை, அதற்குள் இப்படியொரு அக்கிரமம். ஒரு மனிதன் தான் இல்லாத இடத்தில் போய் நிற்பதும், தன் அண்ணனுக்கு எதிரில் போய் நிற்பதும், தன் முகம் அண்ணனுக்குத் தெரிந்து அண்ணன் முகம் தனக்குத் தெரியாமல் இருப்பதும், இதை எவன் கண்டுபிடித்தானோ அவனுக்கு மூத்தவர்களே இல்லையா? போன ஞாயிற்றுக்கிழமை சோறு தின்றுகொண்டிருக்கும்போது அண்ணி போட்டு உடைத்துவிட்டாள், தம்பி டெலிவிஷன்ல வரப்போறாராமே என்று. அண்ணன் கையில் எடுத்த கவளம் அப்படியே நின்றது. "நெசமாவா?" என்றார். "ஒரு விளம்பரம்ணே" என்றான். "என்ன விளம்பரம்?" வேங்கடம் ரசத்தை ஊற்றிக்கொண்டான். ஊற்றின ரசம் இலையைத் தாண்டி ஓடியது. "கம்பெனி விளம்பரம்ணே." "எந்தக் கம்பெனி?" "வெள்ளைக்காரன் கம்பெனிண்ணே." அதற்குமேல் அண்ணன் கேட்கவில்லை. அந்த ஒரு நொடியில் சொல்லியிருக்கலாம். அண்ணே, சிகரெட்டு விளம்பரம், வயித்துப் பொழப்பு, தப்பா நினைக்காதீங்க. நாலே வார்த்தை. அதற்குப் பதில் இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவன் என்றைக்காவது நிம்மதியாகச் சோறு தின்றிருக்கிறானா? மறுநாள் காலையிலிருந்து அண்ணன் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டுகிற கூட்டாளிகளுக்கெல்லாம் சொன்னார். குடியிருப்பில் பிளாக் பிளாக்காகப் போய்ச் சொன்னார். வெள்ளிக்கிழமை ஆறரை மணிக்கு மன்றத்துக்கு வந்துருங்க, எந்தம்பி பேசுறான். யாருடைய கல்யாணத்துக்கும் அவர் இப்படி வாசல் வாசலாக ஏறியதில்லை. என்ன பேசுறான் என்று கேட்டவர்களுக்கு, வெள்ளைக்காரன் கம்பெனியப் பத்தி என்று பதில் சொன்னாராம்.

ஹம்சா வந்து நாலாவது சிகரெட்டைக் கொடுத்தார். மணி ஆறு முப்பத்தொன்று. அடுத்த ஸ்டுடியோவில் ஆடல் பாடல் தொடங்கிவிட்டது. சுவர் வழியாக மிருதங்கம் தும் தும்மென்று கேட்டது. கண்ணாடிக்குப் பின்னால் லிம் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். நல்ல பையன். இது நன்றாக அமைந்துவிட்டால் தமிழ் வாசகம் எழுதும் நிரந்தர வேலை உனக்குத்தான் என்று சொல்லியிருந்தான். அமையாவிட்டால் தமிழுக்கு ஆள் தேவையில்லை, பெட்டியின் படமும் இசையும் போதும் என்று மேலிடம் முடிவு செய்துவிடும். அப்படியென்றால் மறுபடியும் மூட்டைக் கணக்கு. தூசி. தும்மல். அதை நினைத்தால் பயமாக இருந்தது, ஆனால் அது வேறு பயம், அது கழுத்துக்கு மேலே இருந்தது. இந்தப் பயம் வயிற்றில். அண்ணன் என்ன செய்வார்? திட்டமாட்டார். அவர் திட்டி அவன் கேட்டதில்லை. அதுதான் கஷ்டம். எழுந்து நாற்காலியைச் சுவரோரமாகச் சாய்த்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போவார். மறுநாள் கோப்பிக்கடையில், உன் தம்பி உன் மூஞ்சியில புகை விட்டானாமே என்று ஒருத்தன் கேட்பான், அவர் கோப்பியை ஆற்றிக்கொண்டே இருப்பார். ஆற ஆற ஆற்றுவார். எல்லாரையும் அவரேதானே கூப்பிட்டார், வாசல் வாசலாக ஏறி.

அண்ணனுக்குத் தெரியாதா என்ன? அந்தக் கேள்வி ஈயைப் போல வந்து உட்கார்ந்தது. துரத்தினால் சுற்றிவிட்டு மறுபடி அங்கேயே. குடியிருப்பில் துணி துவைக்கிற கல்லுக்குப் பின்னால்தான் வேங்கடம் பதினேழு வயசிலிருந்து சிகரெட் பிடித்தான். அண்ணன் அந்தப் பக்கமாக வரும்போதெல்லாம் பதினைந்தடி முன்னாலேயே ஒரு செருமல் செருமுவார். க்ஹும். கபமோ இருமலோ இல்லாத, வறண்ட, ஒரேயொரு செருமல். அது கேட்டதும் வேங்கடத்தின் கை தானாக மடங்கும். நெருப்பு உள்ளங்கைப் பக்கம், பிடி விரல்களுக்குள், கை முதுகுக்குப் பின்னால். பதினேழு வருஷத்தில் அந்தக் கை அதில் தேர்ந்துவிட்டது. புத்திக்குச் சேதி போவதற்குள் கை காரியத்தை முடித்திருக்கும். அண்ணன் வருவார், தண்ணி வந்துச்சாடா என்று கேட்பார், குழாயைப் பார்ப்பார், அவன் முகத்தைப் பார்க்காமல் போய்விடுவார். அவர் செருமுவது தொண்டைக் கோளாறு என்றுதான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தான். ஒரு தடவை பஸ்ஸில், அண்ணன் அடுத்த நிறுத்தத்தில் ஏறுவார் என்று யாருக்குத் தெரியும், செருமக்கூட நேரமில்லை, திடீரென்று எதிரில் நின்றார். எரிகிற சிகரெட்டைக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். தொடை வெந்தது. திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? பைக்குள் கையை விட்டு நசுக்கிக்கொண்டே, அரிசி விலை ஏறிப்போச்சுண்ணே என்று பேசினான். "ஏன்டா மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?" என்றார் அண்ணன். "ஒண்ணுமில்லண்ணே" என்றான். மூன்று நிறுத்தம் தாண்டி இறங்கவேண்டியவர் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டார். அந்தத் தழும்பு இப்போதும் இருக்கிறது, ஒரு காசு அகலத்துக்கு. இப்போது விளக்குச் சூட்டில் அந்தத் தழும்பு மட்டும் தனியாக அரித்தது. குனிந்து சொறியலாமா? இடுப்புக்குக் கீழேதானே. லிம் பார்த்துக்கொண்டிருந்தான். சொறியவில்லை. சாம்பல் கால் அங்குலம் வந்திருந்தது.

அண்ணனும் பிடித்தவர்தான். அப்பா இருந்த காலத்தில், கிடங்குக்குப் பின்னால், முப்பது வயசு அண்ணன், கல்யாணமான அண்ணன், அப்பா வருகிறாரா என்று தம்பியைக் காவலுக்கு நிறுத்திவிட்டு அவசர அவசரமாக நாலு இழுப்பு இழுப்பார். அப்பா வருகிறார் என்றால் சாக்கடையில் எறிந்துவிட்டு ஏலக்காயைக் கடிப்பார். அப்பா காய்ச்சலில் போனார். எரித்துவிட்டு வந்து, குளித்து, ஊர்க்காரர்கள் எல்லாரும் போன பிறகு, அண்ணன் வீட்டு வாசலில், நடு வாசலில், பட்டப்பகலில் உட்கார்ந்து ஒரு சிகரெட்டை எடுத்துப் பற்றவைத்தார். வேங்கடம் பக்கத்தில் நின்றான். அண்ணன் ஒரு இழுப்பு இழுத்தார். தெருக்கோடியைப் பார்த்தார். பழக்க தோஷம், அப்பா வருகிற பக்கத்தைத்தான் பார்த்தார். அந்தப் பக்கம் யாரும் வரவில்லை. அண்ணன் முகம் கோணிக்கொண்டு போயிற்று. "இனிமே யாருக்குடா மறைக்கணும்?" என்று கேட்டுவிட்டு ஓவென்று அழுதார். சுடுகாட்டில் அழாதவர். அந்தச் சிகரெட்டை அப்படியே தரையில் தேய்த்தார். அதற்கப்புறம் அவர் பிடித்து அவன் பார்க்கவில்லை. கேட்டவர்களிடம், ருசியில்லப்பா, விட்டுட்டேன் என்று சொல்லிவிடுவார். வேங்கடத்துக்குச் சடாரென்று உடம்பு குளிர்ந்தது, ஐந்து விளக்குக்குக் கீழே. யாருக்கும் அஞ்சாதவர். பன்னிரண்டு நாள் யோசித்துப் பஸ்ஸில் பிடித்த அந்த ஆள் யாரென்று இப்போது தெரிந்துவிட்டது. அவன் கோட்டுப் போட்ட கனவான் இல்லை. தெருக்கோடியைப் பார்த்துவிட்டு அழுகிறவன். அவனுக்கு மறைக்க ஆளில்லை, செரும ஆளில்லை. அந்த அநாதைக்குத்தான் இத்தனை விளக்கும் போட்டுப் பெட்டியை நீட்டுகிறோமா? எனக்கு இருக்கிறாரே! எனக்கு இன்னும் இருக்கிறாரே, இன்றைக்கு முதல் வரிசையில்!

ஆறு நாற்பத்து இரண்டு. ஹம்சா கடைசிச் சிகரெட்டைக் கொடுத்துவிட்டு விலகினார். அண்ணன் இப்போது நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டிருப்பார். கண்ணாடியைத் துடைத்து மாட்டியிருப்பார். எந்தம்பி வரப்போறான், சத்தம் போடாதீங்க என்று குழந்தைகளை அதட்டியிருப்பார். ஓடிப்போய்விடலாமா? எழுந்து, கோட்டைக் கழற்றி ஹம்சாவிடம் கொடுத்துவிட்டு, ரப்பர் செருப்பு சடசடக்க, நிலையம் இருக்கும் குன்றிலிருந்து இறங்கி ஓடினால்? பதினைந்து விநாடிக்குக் காலி நாற்காலி ஒன்று சிங்கப்பூர் முழுக்கத் தெரியும். அண்ணன் அந்தக் காலி நாற்காலியைப் பார்த்துப் பதறிப்போவார், தம்பிக்கு என்னமோ ஆகிவிட்டது என்று. அதற்கு இது தேவலையா? வாய்விட்டுப் படித்துப் பார்த்தான். யாருக்கும் அஞ்சாதவர். அஞ்சாதவர், அஞ்சாதவர். பயந்தாங்கொள்ளி ஒருவன் இருட்டில் போகும்போது பாட்டுப் பாடிக்கொண்டு போவானே, அது மாதிரி. கேமராவின் கண்ணாடியைப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். பார்த்தான். கறுப்பாக, ஆழமாக, கிணற்று நீர் மாதிரி இருந்தது, அதில் சின்னதாக அவனே தெரிந்தான், கையில் புகையோடு. அதற்கு அந்தப் பக்கம் அண்ணன். ஒரு முழம்கூடத் தூரமில்லை. அவன் பார்க்கிற இடத்திலிருந்துதான் அவர் பார்க்கப்போகிறார். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்று இத்தனை காலம் ஓட்டியாகிவிட்டது. இன்றைக்குப் பூனைக்குக் கண்ணை மூடவும் அனுமதியில்லை. மிருதங்கம் நின்றது. லிம் ஐந்து விரலைக் காட்டினான். இசை ஒலித்தது, பெட்டியின் படம் போகிறது என்று அர்த்தம். நாலு. வியர்வை புருவத்தில் இறங்கியது. மூன்று. கையைத் தூக்கத் தயாரானான், மோவாய் உயரம், மோவாய் உயரம். இரண்டு. நிச்சயமாகத் தூக்கிவிடுவான், அதில் சந்தேகமே இல்லை, கை அசையத் தொடங்கிவிட்டது. அப்போது இருட்டில், கேமராவுக்குப் பின்னால், விளக்குச் சூட்டில் தொண்டை வறண்டுபோன ஹம்சா மெதுவாகச் செருமினார். க்ஹும். சிவப்பு விளக்கு எரிந்தது.

"யாருக்கும் அஞ்சாதவர் கையில், சில்வர் ஹார்பர்!" என்றான் வேங்கடம். கம்பீரமாகச் சொன்னான். ஒரு எழுத்துப் பிசகவில்லை, புன்னகை இருந்த இடத்தில் இருந்தது. கைதான் இருந்த இடத்தில் இல்லை. மோவாய் உயரத்தில் வெறும் காற்று. வலது கை எப்போது போனதென்று அவனுக்குத் தெரியாது. நெருப்பு உள்ளங்கைக்குள், கை முதுகுக்குப் பின்னால், பதினேழு வருஷத்துப் பாடம் ஒரு நொடி பிசகாமல் நடந்துவிட்டிருந்தது. சதை பொசுங்கியது. சிரித்துக்கொண்டே இருந்தான். பின்னாலிருந்து விளக்குப் போட்டிருந்தார்கள், புகை பளிச்சென்று தெரியவேண்டும் என்பதற்காக. அது தெரிந்தது. யாருக்கும் அஞ்சாதவரின் வலது தோளுக்குப் பின்னாலிருந்து வெள்ளை வெளேரென்று, நிதானமாக, சுருள் சுருளாக மேலே ஏறியது. கண்ணாடிக்குப் பின்னால் லிம் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். சிவப்பு விளக்கு அணைந்தது.

லிம் உள்ளே வந்தான். கத்துவான் என்று எதிர்பார்த்தான். கத்தவில்லை, மேசையின் விளிம்பில் உட்கார்ந்தான். சிகரெட் எங்கே என்று கேட்டான். வேங்கடம் கையை முன்னால் கொண்டுவந்து நசுங்கிப்போனதை மேசைமேல் வைத்தான். என் அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தார் என்றான். லிம் பதறிப்போய் இருட்டைத் துழாவினான், இங்கேயா, எங்கே என்று. இங்கே இல்லை, தஞ்சோங் பகாரில் என்றான் வேங்கடம். லிம் நசுங்கின சிகரெட்டை விரலால் உருட்டினான். "நானும் என் அம்மாவுக்கு எதிரில் பிடிக்கமாட்டேன்" என்றான் கடைசியில். "ஆனால் என் அம்மா கேமராவுக்குள் இல்லை." அப்புறம், வருத்தத்தோடுதான், அடுத்த வாரத்திலிருந்து தமிழுக்குப் படமும் இசையும் மட்டும் என்றான். சரி என்றான் வேங்கடம். கோட்டைக் கழற்றிக் கொடுத்தான். உடம்பு அவனுடையதானது. கைதான் எரிந்தது.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து உள்ளங்கையைக் காற்றில் பிடித்துக்கொண்டே வந்தான். போய்விட்டது வேலை, ஒரு கைப்பழக்கத்தில். அதுகூடப் பரவாயில்லை என்று மனசு சொல்லியது. மறைத்தோமே, அண்ணன் பார்த்திருப்பாரே, தம்பி நம்ம எதிரில் மறைத்தான் என்று. சிங்கப்பூரே சிரித்தாலும் அவர் ஒருவருக்குப் புரிந்திருக்கும். அதே மனசு மறு நிமிஷம் திரும்பிக் கடித்தது. மறைத்தால் மட்டும்? பெட்டியைப் பார்த்திருப்பார், வாசகத்தைக் கேட்டிருப்பார், தோளில் ஏறின புகையைப் பார்த்திருப்பார். நாலு பேர் நடுவில் திருட்டு முழி முழிக்கிற தம்பியைப் பார்த்திருப்பார். தைரியமாகத் தூக்கிப் பிடித்திருந்தால் தொழில் என்றாவது ஆகியிருக்கும். மறைத்ததால்தான் தப்பு என்று ஆகிவிட்டது. இதற்கு அதுவே மேலா, அதற்கு இதுவே மேலா? நிறுத்தம் வந்ததும் இறங்கப் பயமாக இருந்தது. இறங்கினான்.

சமூக மன்றத்தில் கூட்டம் கலையவில்லை. ஏதோ சீன நாடகம் ஓடிக்கொண்டிருந்தது, புரியாவிட்டாலும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணனோடு வின்ச் ஓட்டுகிற தம்புசாமி அவனைக் கண்டதும் எழுந்து வந்தார்.

"வாப்பா வா! பேச்சு பிரமாதம். ஆனா என்னமோ முதுகுல நெருப்புப் புடிச்சிருச்சுன்னு பயந்துட்டோம். பொகை வருது, சிகரட்ட காணோம்!"

பின்னால் நாலைந்து பேர் சிரித்தார்கள். வேங்கடம் முதல் வரிசையைப் பார்த்தான். நடுவில் ஒரு நாற்காலி காலி.

"அண்ணன் எங்க?"

"அவரா? அவரு எங்க பாத்தாரு! மொதல்ல அந்தச் சிகரட்டுப் பெட்டிய காட்டினான் பாரு, அப்பவே எழுந்திரிச்சிட்டாரு. என்னய்யா, ஊரக் கூட்டிட்டு நீ எங்க போறேன்னு கேட்டேன். 'நான் இருந்தா தம்பி சங்கடப்படுவான்யா, நீங்க பாருங்க'ன்னுட்டு விடுவிடுன்னு வெளிய போனவருதான். நீ மூஞ்சியக் காட்டுறதுக்குள்ள வாசலத் தாண்டிட்டாரு."

யாருக்காக மறைத்தானோ அவர் அங்கே இல்லவே இல்லை. அண்ணன் ஒருவரைத் தவிர சிங்கப்பூர்த் தமிழர் அத்தனை பேரும் பார்க்க, அண்ணனுக்காகக் கையைச் சுட்டுக்கொண்டிருக்கிறான். இல்லாத தம்பிக்கு அவர் இடம் விட்டு எழுந்து போனார், இல்லாத அண்ணனுக்கு அவன் கையை மடக்கினான். பஸ்ஸிலிருந்து முன்னாலேயே இறங்கிப் போனவர் கண்ணில் வந்து நின்றார். துவைக்கிற கல்லுக்கு இப்பால், பதினைந்தடிக்கு முன்னால் வந்த ஒவ்வொரு செருமலும் வரிசையாகக் காதில் கேட்டது. தொண்டைக் கோளாறாம்! தெரியும் என்று தெரியாமல் இருந்தது நான்தான், அவருக்கு எல்லாம் தெரியும், எல்லாம், முதல் நாளிலிருந்து தெரியும் என்று நினைத்தபோது அழுகை முட்டியது. கூட்டத்துக்கு முகத்தைக் காட்டாமல் வெளியே வந்தான்.

பூப்பந்து மைதானத்துக்கு அப்பால், சாக்கடைத் திட்டில், மன்றத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அண்ணன் நின்றிருந்தார். சலவைச் சட்டை இருட்டிலும் தெரிந்தது. ஒன்றரை மணி நேரமாக அங்கேயேதான் நின்றிருக்க வேண்டும். உள்ளே போனால் யாராவது ஏதாவது சொல்லிவிடுவார்கள், கேட்டுவிட்டால் அப்புறம் தெரியாதவர்போல இருக்க முடியாது. தூரத்தில் துறைமுகத்துப் பாரந்தூக்கிகளில் விளக்குகள் எரிந்தன. வேங்கடம் நடந்தான். பதினைந்தடி இருக்கும்போது நின்று, ஒரு தடவை செருமினான்.

அண்ணன் உடனே திரும்பவில்லை. சட்டைக்கையால் முகத்தைத் துடைத்துக்கொள்கிற நேரம் எடுத்துக்கொண்டு திரும்பினார்.

"முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சுண்ணே."

"நல்லா பேசினியா?"

"பேசினேண்ணே."

"நல்லா பேசியிருப்ப. எனக்குத் தெரியும்." அப்புறம் அவன் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "அது ஏன்டா கைய பின்னால வச்சிக்கிட்டிருக்க?"

வேங்கடம் அப்போதுதான் கவனித்தான். வலது கை முதுகுக்குப் பின்னால், விரல் மடங்கி, கெட்டியாக மூடியிருந்தது. உள்ளே ஒன்றுமில்லை. முன்னால் கொண்டுவந்து விரித்துக் காட்டினான். மன்றத்து ஜன்னல் வெளிச்சத்தில் உள்ளங்கை நடுவே கொப்புளம் காசு அகலத்துக்குப் பளபளத்தது. அண்ணன் அந்தக் கையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். பார்த்தார்.

"டிவியிலயுமாடா?" என்றார். குரல் உடைந்துவிட்டது. சிரிப்பா அழுகையா என்று அவருக்கே தெரியவில்லை.

வேங்கடம் தலையை ஆட்டினான். அண்ணன் மணிக்கட்டை விடாமல் அவனைக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போனார், பள்ளிக்கூடத்தில் அடிபட்டு வந்தவனை இழுத்துக்கொண்டு போவதைப் போல. குழாயைத் திறந்து உள்ளங்கையை நீட்டிப் பிடித்தார். தண்ணீர் விழுந்தது.

"எரியுதா?"

ஒண்ணுமில்லண்ணே என்று சொல்ல வாய் பழக்கத்தில் திறந்தது.

"எரியுதுண்ணே" என்றான் வேங்கடம். பதினேழு வருஷத்தில் சிகரெட்டைப் பற்றி அவன் அண்ணனிடம் சொன்ன முதல் உண்மை அதுதான்.